கரி என்ஜினைக் காப்பாற்றுவது: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் ரயில்வே குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. தாத்தா என்ஜினுக்குக் கரி போடும் ஃபயர்மேன், மாமா கார்டு, பெரியப்பா லோகோ ஷெட் ஃபிட்டர் என்று யாராவது ஒருவர் இருப்பார். பழைய நீராவி என்ஜின்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்களிடமிருந்தும் அவர்கள் பிள்ளைகளிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் கட்சி என்ன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ஜினை ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் அது கடைசி வேலை. இருக்கிற என்ஜினைத் துரு தின்னவிடாமல் தடுப்பதும், அதோடு வாழ்ந்தவர்களின் கைவேலையை எழுதிவைப்பதும்தான் முதலில் செய்ய வேண்டியவை. இரண்டுக்கும் பெரிய பணம் தேவையில்லை, அனுமதியும் பொறுமையும் வேண்டும்.

நம்ம ஊரில் கரி என்ஜின் எந்தெந்தப் பாதைகளில் ஓடியது?

1876-இல் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை தூத்துக்குடி வரை வந்தது. மணியாச்சியிலிருந்து ஒரு கிளை திருநெல்வேலிக்குப் பிரிந்தது. அடுத்து மேற்கே கல்லிடைக்குறிச்சி, தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை நீண்டு, 1904-இல் மலையைத் தாண்டிப் புனலூர், கொல்லம் பாதையோடு சேர்ந்தது. திருச்செந்தூர்ப் பாதை 1923-இல் வந்தது. விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927-இல் வந்தது. 1951-இல் தென்னிந்திய ரயில்வே தெற்கு ரயில்வேக்குள் சேர்ந்த பிறகும் பல பத்தாண்டுகளுக்கு இந்தப் பாதைகளில் கரி என்ஜின்தான்.

மணியாச்சி என்றாலே 1911 ஜூன் 17 நினைவுக்கு வரும். செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலின் இணைப்புக்காக நின்றுகொண்டிருந்த ரயில் பெட்டியில். அந்த நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி. ரயில் வரலாறு வேறு, ஊர் வரலாறு வேறு என்று இங்கே பிரித்துப் பேச முடியாது.

செங்கோட்டை மலைப்பாதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பகவதிபுரம் தாண்டியதும் ஏற்றம். முன்னால் ஒரு என்ஜின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளும். குகைகள், கழுத்துருட்டி அருகே 13 கண் பாலம், மழைக்காலத்தில் வழுக்கும் தண்டவாளம் என்று ஃபயர்மேன்களின் கை உண்மையிலேயே சோதிக்கப்பட்ட இடம் அது.

அப்படியானால் அந்தப் பாதைகளில் பழைய என்ஜினை மறுபடி ஓட்டலாமே?

முடியாது. கேட்கவே கஷ்டமாக இருக்கும் பதில்தான், ஆனால் எல்லாத் திட்டமும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் பக்கம் ஓடிய என்ஜின்கள் மீட்டர் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர். இன்றைய பாதை பிராட் கேஜ், 1,676 மில்லிமீட்டர். நெல்லை–தென்காசி பாதை 2012-இல் பிராட் கேஜாகத் திறந்தது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் ஓட்டம் 2010 செப்டம்பரில் நின்று, 2018-இல் அகலப்பாதையாக முழுதும் ஓடத் தொடங்கியது. நெல்லைச் சீமையில் பழைய மீட்டர் கேஜ் என்ஜின் ஓட ஒரு கிலோமீட்டர் தண்டவாளம்கூட மிச்சமில்லை.

சக்கரத்தை அகலமாக மாற்றிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சக்கரம், அச்சு, சட்டம், சிலிண்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று அளந்து வைத்தவை. அதை மாற்றினால் மிஞ்சுவது வேறு ஒரு என்ஜின்.

எனவே வழி இரண்டு. ஒன்று, நிற்கிற இடத்திலேயே என்ஜினை நல்ல நிலையில் வைத்திருப்பது. இன்னொன்று, நிலைய வளாகத்திலோ அருங்காட்சியகத்திலோ சில நூறு மீட்டர் மீட்டர் கேஜ் போட்டு, அதற்குள் முன்னும் பின்னுமாக ஓட்டிக் காட்டுவது. உலகத்தில் பல இடங்களில் இரண்டாவது வழியைச் செய்கிறார்கள். எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் முதல் வழியை ஒழுங்காகச் செய்யாத இடத்தில் இரண்டாவதைப் பேச உரிமையில்லை என்பது என் எண்ணம்.

2019-இல் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரு பழைய என்ஜின் ஓடியதே, அது எப்படி?

அது கிழக்கிந்திய ரயில்வேயின் (இ.ஐ.ஆர்.) 21-ஆம் எண் என்ஜின், ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்து கல்கத்தாவுக்குக் கப்பலேறிய பிராட் கேஜ் என்ஜின். நாகர்கோவில்–கன்னியாகுமரி பாதை தொடக்கத்திலிருந்தே பிராட் கேஜ் என்பதால் அதில் ஓட முடிந்தது. நம் பக்கம் உழைத்த என்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனாலும் அதன் கதையில் நமக்குப் பாடம் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேல் வெறும் காட்சிப்பொருளாக நின்ற என்ஜின் அது. சென்னைப் பெரம்பூர் லோகோ பணிமனையில் சீர்படுத்தி 2010-இல் மறுபடி ஓட்டினார்கள். காணாமல் போன பாகங்களைப் புதிதாகச் செய்தார்கள், பிரேக் ஏற்பாட்டை இன்றைய பாதுகாப்புக்கு ஏற்ப மாற்றினார்கள். அதன் ஜோடியான ‘ஃபேரி குவீன்’ என்ஜினும் அதே 1855-ஐச் சேர்ந்ததுதான். இந்த வேலைக்குத் தேவையான கைகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன.

ஒய்.பி., ஒய்.ஜி. என்கிறார்களே, என்ன அது?

‘ஒய்’ என்றால் மீட்டர் கேஜ். ‘பி’ பயணிகள் வண்டிக்கு, ‘ஜி’ சரக்கு வண்டிக்கு. ஒய்.பி.யில் முன்னால் 4 சிறு சக்கரம், நடுவில் 6 பெரிய சக்கரம், பின்னால் 2. அதைத்தான் 4-6-2 என்று எழுதுவார்கள். ஒய்.ஜி. 2-8-2. பெரிய சக்கரம் எட்டு என்பதால் பாரம் இழுக்கும் பிடிமானம் அதிகம். இரண்டும் 1949 முதல் வந்தவை. பலவற்றை ஜாம்ஷெட்பூரின் டெல்கோ தொழிற்சாலையில் செய்தார்கள். கடைசி ஒய்.ஜி. 1972-இல் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் முடிந்தது. காட்சிக்கு நிற்கும் மீட்டர் கேஜ் என்ஜின்களில் இந்த இரண்டு வகைகளையும்தான் அதிகம் பார்க்கலாம். அவற்றுக்கு முந்திய தென்னிந்திய ரயில்வே என்ஜின்கள் மிக அரிது.

மேடையில் நிற்கும் என்ஜினுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடித்தால் போதாதா?

போதாது. சில சமயம் அந்தப் பெயின்ட்தான் கேடு. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே கறுப்பு எனாமலைப் பூசினால் வெளியே பளபளப்பு, உள்ளே துரு தன் வேலையைத் தொடரும். ஒரு கட்டத்தில் பெயின்ட் மட்டும் தகடு மாதிரி நிற்கும், விரலால் அழுத்தினால் ஓட்டை விழும்.

எங்கே கெடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். என்ஜினின் முன்பக்கம், புகைபோக்கிக்குக் கீழே இருப்பது புகைப்பெட்டி. பாய்லர் குழாய்களில் வரும் புகையும் சாம்பலும் இங்கேதான் சேரும். கடைசியாக ஓடிய நாளில் தங்கிய சாம்பல் பல என்ஜின்களில் இன்னும் அப்படியே கிடக்கிறது. புகைபோக்கி திறந்தே இருப்பதால் மழை நேரே உள்ளே இறங்குகிறது. நிலக்கரிச் சாம்பலில் கந்தகம் இருக்கும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அந்த அமிலம் புகைப்பெட்டியின் அடித்தகட்டைத் தின்றுவிடும். கதவைத் திறந்து அடியில் கையை விட்டுப் பார்த்தால் சாம்பலுக்குக் கீழே தகடு அடுக்கடுக்காக உரிந்து வரும். சில இடங்களில் அடியே இருக்காது, வெளிச்சம் தெரியும்.

இதே கதிதான் நெருப்புப் பெட்டிக்குக் கீழே உள்ள சாம்பல் தட்டுக்கும், என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் பெட்டியான டெண்டரின் தண்ணீர்த் தொட்டி அடிக்கும்.

நம் வானிலையும் ஒத்துழைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் வேறு. திருச்செந்தூர், தூத்துக்குடி என்றால் உப்புக்காற்று. மூன்றும் இரும்புக்கு எதிரி.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. முதலில் புகைபோக்கி வாயை மூட ஒரு தகடு. அப்புறம் புகைப்பெட்டி, சாம்பல் தட்டு, டெண்டர் மூன்றையும் காலி செய்து, சுரண்டி, உலர்த்தி, துருத் தடுப்புப் பூச்சு. சிலிண்டரின் வடிகால் குழாய்களைத் திறந்து வைக்க வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. பாய்லரின் கழுவுத்துளை மூடிகளைக் கழற்றி, பூச்சி போகாமல் வலை கட்டினால் உள்ளே காற்று ஓடும். மூடிய பாய்லர் உள்ளேயே வியர்த்துத் துருப்பிடிக்கும். கனெக்டிங் ராடு போன்ற பளபளப்பான பாகங்களுக்குப் பெயின்ட் வேண்டாம், கிரீஸ் தடவினால் போதும். சக்கரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசி நிறுத்துவதைத் தயவுசெய்து தவிருங்கள். அந்தச் சிமென்டுக்கும் இரும்புக்கும் இடையே தண்ணீர் தங்கி, பின்னால் யாராலும் சரிசெய்ய முடியாத இடத்தில் துரு பிடிக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூரை. சாதாரணத் தகரக் கூரை போதும். பத்து முறை பெயின்ட் அடிக்கிற செலவில் ஒரு கூரை போட்டுவிடலாம், பலனும் அதிகம். ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நான் கூரையைத்தான் சொல்வேன்.

ஒரு என்ஜின் மறுபடி ஓடுமா, ஓடாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாய்லரைக் கேட்க வேண்டும். மற்ற பாகங்கள் தேய்ந்திருந்தால் கடையலாம், வார்க்கலாம். பாய்லர் போயிருந்தால் கணக்கே வேறு.

வெளியே தெரிகிற உருளை, உண்மையில் பாய்லரின் மேல் போர்த்திய மெல்லிய தகடுதான். அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் வெப்பக்காப்பை எடுத்த பிறகே பாய்லர் கண்ணில் படும். அடுத்து தகட்டின் கனத்தை மீயொலிக் கருவியால் இடம் இடமாக அளப்பார்கள். வரைபடத்தில் போட்ட கனத்தோடு ஒப்பிட்டு எங்கே எவ்வளவு கரைந்திருக்கிறது என்று குறிப்பார்கள்.

அப்புறம் ‘ஸ்டே’ எனும் ஆணிகள். நெருப்புப் பெட்டி என்பது பெட்டிக்குள் பெட்டி. உள்ளே நெருப்பு, இரண்டு சுவருக்கும் நடுவில் தண்ணீர். நீராவியின் அழுத்தம் இரண்டு சுவர்களையும் பிரித்துத் தள்ளப் பார்க்கும். அவற்றைப் பிடித்து நிறுத்துபவை நூற்றுக்கணக்கான இந்த ஆணிகள். அனுபவமுள்ள பாய்லர்காரர் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு ஆணியாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல ஆணி கணீரென்று பேசும். உள்ளே ஒடிந்த ஆணி மந்தமாகச் சத்தம் கொடுக்கும். தட்டும்போதே சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போவார். அவர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். முதலில் நமக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். கொஞ்ச நேரம் போக வித்தியாசம் காதில் ஏறும். நீளவாக்கில் நடுவில் சிறு துளை போட்ட ஆணிகளும் உண்டு. ஆணி ஒடிந்தால் அந்தத் துளை வழியே தண்ணீர் கசிந்து தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இவை தேறினால், பாய்லரைக் குளிர்ந்த நீரால் முழுதும் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிகமான அழுத்தத்துக்கு ஏற்றிச் சோதிப்பார்கள். காற்றால் ஏன் சோதிக்கவில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். தண்ணீர் அநேகமாகச் சுருங்காது, அதனால் அதில் சேரும் சக்தி குறைவு. எங்காவது விட்டுப்போனால் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். காற்றை அடைத்து விட்டுப்போனால் ஆளைக் கொல்லும். அதற்குப் பிறகே நெருப்பு மூட்டி நீராவிச் சோதனை.

பாய்லர் வெடிக்குமா?

கவனக்குறைவு இருந்தால் வெடிக்கும். ஒய்.பி., ஒய்.ஜி. வகைகளின் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் 200 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். தகடு கிழிந்தால் அவ்வளவு தண்ணீரும் ஒரே நொடியில் நீராவியாகப் பொங்கும்.

பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் தண்ணீர்க் குறைவு. நெருப்புப் பெட்டியின் கூரைத் தகட்டுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அது வற்றினால் தகடு பழுத்துச் சிவந்து, பலமிழந்து, அழுத்தத்தில் கீழே பிதுங்கும். இதற்குக் காவலாகக் கூரைத் தகட்டில் ஈயம் ஊற்றிய அடைப்பான்கள் இருக்கும். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி, அந்த ஓட்டை வழியாக நீராவி நெருப்பின் மேல் பீறிடும். டிரைவருக்கு எச்சரிக்கை, நெருப்புக்கும் அடக்கு.

ஆனால் உண்மையான காவல் ஃபயர்மேனின் கண்தான். என்ஜின் அறையில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருக்கும். பலவற்றில் அதன் பின்தகட்டில் கறுப்பும் வெள்ளையுமாகச் சாய்கோடுகள் போட்டிருப்பார்கள். தண்ணீர் இருக்கும் பகுதியில் அந்தக் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும். குழாய் முழுக்க நிறைந்திருக்கிறதா, முழுக்கக் காலியா என்று ஒரே பார்வையில் பிரித்தறிய இந்த ஏற்பாடு. இரண்டுமே வெறும் கண்ணுக்கு ஒரேமாதிரி இருக்கும் என்பதுதான் ஆபத்து. ஓய்வுபெற்ற ஃபயர்மேன் ஒருவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, நெருப்பப் பாக்கதுக்கு முன்னால கண்ணாடியப் பாக்கணும். கரி போட்டுட்டு மறுபடியும் கண்ணாடியப் பாக்கணும். அம்புட்டுதான் வேல.”

தாமிரபரணித் தண்ணீரை ஊற்றலாமா?

ஆசையாகக் கேட்கிற கேள்வி, நல்ல கேள்வியும்கூட. பாய்லருக்கு எந்தத் தண்ணீரும் அப்படியே ஆகாது. சோதித்துப் பார்த்து, தேவையான மருந்து கலந்துதான் ஊற்ற வேண்டும். ஆனாலும் ஆற்றுத் தண்ணீருக்கும் போர்வெல் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசம். போர்த் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பும் உப்பும் அதிகம், கடற்கரைப் பக்கம் கேட்கவே வேண்டாம். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. அது குழாய்களின் மேல் பொருக்காகப் படியும். பொருக்கு வெப்பத்தைத் தடுப்பதால் கரி வீணாகும், அதைவிட முக்கியமாக, தண்ணீர் தொடாத தகடு சூடேறிக் கெடும். அதனால்தான் ஷெட்டில் குறித்த நாளுக்கு ஒருமுறை பாய்லரைக் குளிரவிட்டு, துளை மூடிகளைத் திறந்து, குழாய் வைத்துப் பீய்ச்சிக் கழுவுவார்கள். அந்த ‘வாஷ் அவுட்’ வேலை செய்தவர்களை யாரும் படம் எடுக்கவில்லை. என்ஜின் நாற்பது, ஐம்பது வருஷம் உழைத்தது அவர்களால்.

காலையில் ஓட்ட வேண்டுமென்றால் எப்போது நெருப்பு மூட்ட வேண்டும்?

முந்திய நாளே. குளிர்ந்த பாய்லரை அவசரப்பட்டுச் சூடாக்கினால் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் ஆணிகளும் குழாய் முனைகளும் கசியத் தொடங்கும். பெரிய பாய்லர் என்றால் இரவு முழுக்க மெதுவாக ஏற்றுவதே முறை. விழாவுக்கு அமைச்சர் வருகிறார், சீக்கிரம் மூட்டுங்கள் என்று யாராவது அவசரப்படுத்தினால் மறுக்கத் தெரிந்த ஃபோர்மேன் வேண்டும்.

கரி எங்கே கிடைக்கும்? தூத்துக்குடியில்தான் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறதே?

அது அனல் மின் நிலையத்துக்கு. அங்கே மாவாக அரைத்து ஊதி எரிப்பார்கள். என்ஜினுக்குக் கட்டிக் கரி வேண்டும். பொடியாக இருந்தால் பாதி எரியாமலே புகைபோக்கி வழியாகப் பறந்துவிடும். சாம்பல் அதிகமுள்ள கரியானால் நெருப்பு எரியும் கம்பித் தட்டில் உருகிக் கட்டிபிடித்து, காற்றை அடைக்கும்.

எண்ணெய்க்கு மாற்றலாமா என்றால், மாற்றியிருக்கிறார்கள். நீலகிரி மலை ரயிலில் எண்ணெயில் எரியும் நீராவி என்ஜின்கள் ஓடுகின்றன. தீப்பொறி பறக்காது என்பதால் காட்டுவழிக்கு அது நல்லது. ஆனால் நெருப்புப் போடுகிற கலை அதோடு போய்விடும். ஓரிடத்தில் நின்று சில நாள் மட்டும் காட்டுவதற்கு நான் கரியையே விரும்புவேன்.

பாகங்கள் உடைந்தால் எங்கே வாங்குவது?

வாங்க முடியாது, செய்ய வேண்டும். மர அச்சு செய்து, வார்த்து, கடைந்து எடுக்க வேண்டும்.

திருச்சி பொன்மலைப் பணிமனையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து அங்கே மாற்றியது. நீலகிரியில் பல் சக்கரப் பாதையில் ஏறும் எக்ஸ் வகை என்ஜின்களைப் பராமரிப்பது மட்டுமின்றி, 2011 முதல் அந்த வகையில் புதிய நீராவி என்ஜின்களையே அங்கே செய்திருக்கிறார்கள். இந்த நூற்றாண்டில் நீராவி என்ஜின் செய்யத் தெரிந்த இடம் நமக்கு ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் இருக்கிறது. இதை நம் பொறியியல் கல்லூரிகள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று போகிற இடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

சில வேலைகளின் சூத்திரம் நம் கிராமத்திலேயே இருந்தது. என்ஜின் சக்கரத்தின் ஓரத்தில் தனியாக ஒரு எஃகு வளையம் உண்டு, தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். சக்கரத்தைவிடத் துளி சிறிதாகக் கடைந்த வளையத்தைச் சூடாக்கி விரித்து மாட்டுவார்கள். ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு ஆசாரி இரும்புப் பட்டை ஏற்றியதும் இப்படித்தான், அளவும் நுணுக்கமும்தான் வேறு.

பாகங்களை எல்லாம் மாற்றிவிட்டால் அது பழைய என்ஜின்தானா?

ஓடுகிற காலத்திலேயே என்ஜின்கள் அப்படித்தான் வாழ்ந்தன. பணிமனைக்குப் போனால் ஒரு என்ஜினின் பாய்லரைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி அனுப்புவது சாதாரணம். பாகங்களில் அடித்த எண்களைத் தேடிப் பார்த்தால் ஒரே என்ஜினில் இரண்டு, மூன்று என்ஜின்களின் எண்கள் கிடைக்கும்.

மாற்றலாம், ஆனால் எழுதிவைத்து மாற்ற வேண்டும். கழற்றுமுன் படம், கழற்றிய பாகத்துக்குத் தகட்டுச் சீட்டு, புதிதாகச் செய்ததில் செய்த வருஷம் பொறிப்பது, பழையதைத் தூக்கி எறியாமல் பக்கத்திலேயே வைப்பது. பழைய பெயின்டையும் மொத்தமாகச் சுரண்டிவிடாமல் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு விட்டுவைத்தால், பின்னால் வருகிறவர்கள் அடுக்கடுக்காகத் தேய்த்து எந்தக் காலத்தில் என்ன நிறம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

என் அளவில் ஒரு எல்லை உண்டு. ஒரு வகையில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று என்றால், அதை ஓட்டுவதற்காக மூலப் பாகங்களை வெட்டக்கூடாது. நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும்.

எவ்வளவு செலவாகும்?

பாய்லரைத் திறந்து பார்க்காமல் தொகை சொல்பவரை நம்பாதீர்கள்.

பள்ளி மாணவர்களை வைத்து என்ஜினைச் சுத்தம் செய்யலாமா?

வெளியே தூசு துடைக்கலாம், சுற்றி வளர்ந்த புல்லை வெட்டலாம். பாய்லர் போர்வையைத் தொடவிடாதீர்கள். அந்தக் கால வெப்பக்காப்பு பெரும்பாலும் கல்நார். அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும். போர்வைத் தகடு கிழிந்து வெள்ளையாக நார் தொங்குகிறது என்றால் கிட்டே போகாமல் ரயில்வேக்குத் தெரிவியுங்கள். அதை எடுப்பதற்கென்று பயிற்சியும் கவசமும் உள்ள ஆட்கள் வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது. இந்த விஷயத்தில் ஆர்வக் கோளாறுக்கு இடமே இல்லை.

வீட்டில் பழைய கை விளக்கு, என்ஜின் எண் தகடு எல்லாம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஓய்வின்போது கொடுத்த நினைவுப்பொருள், ஏலத்தில் எடுத்தது என்றால் அதற்கான காகிதத்தைச் சேர்த்தே வையுங்கள். காட்சிக்கு நிற்கும் என்ஜினிலிருந்து கழற்றியது என்றால் அது ரயில்வே சொத்து. அதை வைத்திருப்பதே 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பித்தளை விசில், அழுத்தமானி, எண் தகடு மூன்றும்தான் முதலில் காணாமல் போகும். பல என்ஜின்கள் இன்று எண்ணே இல்லாமல் நிற்பது அதனால்தான். எண் போனால் அது எங்கே செய்தது, எந்த ஷெட்டில் இருந்தது என்ற வரலாறும் போனது. உங்களிடம் இருப்பதை விளம்பரம் செய்து விற்பதற்கு முன் திருச்சி ரயில் அருங்காட்சியகத்தையோ சென்னைப் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்தையோ கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளை எங்கே கூட்டிப்போய்க் காட்டலாம்?

நிற்கும் என்ஜின்களுக்கு மேலே சொன்ன இரண்டு அருங்காட்சியகங்கள். உயிரோடு பார்க்க மேட்டுப்பாளையம். அங்கிருந்து குன்னூர் வரை நீராவி என்ஜின் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறும். சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதை அது. அதுவும் மீட்டர் கேஜ்தான், நம் தாத்தாக்கள் பார்த்த அதே அகலம். வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் இறங்கி, ஃபயர்மேன்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள், செல்ஃபி பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் தாத்தா ஃபயர்மேனாக இருந்தவர். அவரிடம் என்ன கேட்பது?

இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். எங்கே வேலை பார்த்தீர்கள், எத்தனை வருஷம் என்று தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். வேலையைக் கேளுங்கள். நெருப்பை எப்படி மூட்டுவீர்கள், எதை முதலில் போடுவீர்கள்? கம்பித் தட்டில் எந்த மூலையில் கரி அதிகம் வேண்டும்? ஏற்றம் வருவதற்கு எவ்வளவு முன்னால் நெருப்பைத் தயார் செய்வீர்கள்? செங்கோட்டை மலையில் குகைக்குள் புகை அடைத்தால் மூச்சுக்கு என்ன செய்வீர்கள்? எந்த ஊர்த் தண்ணீர் மோசம்? எந்தச் சத்தம் கேட்டால் வயிறு கலங்கும்? பின்னால் தள்ளும் என்ஜினுக்கு விசிலில் எப்படிச் சொல்வீர்கள்?

கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, கரி தள்ளுகிற மாதிரி செய்து காட்டச் சொல்லுங்கள். உடம்பு மறக்காது. வாய் சொல்லாத பல விஷயங்களைத் தோளும் மணிக்கட்டும் சொல்லும். முகத்தை மட்டும் படமெடுக்காமல் கையையும் காலையும் சேர்த்து வீடியோ எடுங்கள். அவர் எந்தப் பாகத்துக்கு என்ன பெயர் சொன்னாரோ அதை அப்படியே எழுதுங்கள், புத்தகப் பெயருக்கு மாற்றாதீர்கள். ஷெட்டுக்கு ஷெட் பெயர் மாறும், அதுவும் வரலாறுதான்.

ஆச்சியையும் விடாதீர்கள். எந்த நேரத்துக்குச் சோறு கட்டினார்கள், கரியும் எண்ணெயும் ஏறிய காக்கிச் சட்டையை எதைப் போட்டு வெளுத்தார்கள், ‘கால் பாய்’ நடுராத்திரி கதவைத் தட்டி டூட்டிக்குக் கூப்பிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று கேளுங்கள்.

பதிவு செய்ததில் தேதி, ஊர், பேசியவர் வேலை பார்த்த ஷெட், அவருடைய சம்மதம் நான்கையும் குறித்து, ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொன்றை அருகிலுள்ள கல்லூரி நூலகத்திலோ ரயில் அருங்காட்சியகத்திலோ கொடுத்து வையுங்கள். கரி என்ஜினில் வேலை பார்த்தவர்களில் பலருக்கும் இன்று வயதாகிவிட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது செய்யலாம் என்று தள்ளாமல், இந்த வாரமே போன் போட்டுத் தொடங்குங்கள்.